பதினோராவது பிடியில் சாம்பல்

எங்கள் ஆய்வுக்குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பது நான்தான். சுத்த அறைக்குள் எப்படி நுழைவது, அங்கியை எந்தக் காலிலிருந்து மாட்டுவது, கையுறையை எப்போது கழற்றி எறிவது எல்லாம் சொல்லி முடித்து, பிள்ளைகள் கொட்டாவி விடத் தொடங்கும் நேரம் பார்த்துச் சாம்பல் கதையை எடுப்பேன். முந்தி இங்கே ஒரு உதவியாளர் இருந்தார், பக்திமான், தினமும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருவார், அதில் ஒரு பொட்டு கருவிக்குள்ளே போய் எங்கள் ஒரு வருட உழைப்பை நாசமாக்கியது என்று சொல்வேன். சிரிப்பார்கள். கொட்டாவி நின்றுவிடும். ஏழு வருடம் இந்தக் கதையைச் சொன்னேன். எட்டாவது வருடம் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தி, "அது அவர்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். வேறென்ன செய்ய? அது அவரில்லை. நான்.

நாங்கள் தேடுவது கரும்பொருளை. வானத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் சிதறிப்போகாமல் ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அதன் துகள்கள் நம்மூடாகவும் மலையூடாகவும் போய்க்கொண்டே இருக்கின்றன என்று நம்புகிறோம். அதனால் மலைக்கடியில், நெடுஞ்சாலைச் சுரங்கமொன்றின் பக்கக் கதவுக்கு உள்ளே, ஒரு அண்டா அளவு பாத்திரத்தில் செனோன் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி நிரப்பி, சுற்றிவர ஒளி உணரிகளைப் பொருத்திப் பூட்டி வைத்துவிட்டு, ஒரு துகளாவது வந்து முட்டி ஒரு மின்னல் காட்டாதா என்று காத்திருப்போம். நான் 2009 இல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன், ஒன்றும் முட்டவில்லை. கருவிகள் பெரிதாகப் பெரிதாகச் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள்கூட வந்து குழப்பம் செய்யும் அளவுக்கு நுட்பமாகிவிட்டோம். நாங்கள் தேடுவது மட்டும் வரக்காணோம். கோயிலில் கண்டால் சனம் கேட்கும்: "என்ன பிள்ளை, கண்டுபிடிச்சிட்டியோ?" இல்லை என்றால், பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, கலியாணம் எப்போது என்று அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

இந்த வேலையில் எங்களுக்கு முதல் எதிரி அழுக்கு. உலகத்தில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிறது. தூசியில், வியர்வையில், வாழைப்பழத்தில். அதிலும் பொட்டாசியம் சரியான தொல்லை. நகக்கண்ணில் கிடக்கிற அளவு உள்ளே போனாலும் போதும், கருவி அதைத்தான் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு செப்புத் துண்டையும் அமிலத்தில் தோய்த்து, நீரில் அலசி, காயவைத்து, இரண்டு பை போட்டு மூடுவோம். இயற்பியல் படித்தவள் என்று பெயர்தான். எங்கள் வேலையில் பாதி, கலியாண வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலைதான்.

அந்தக் கழுவலுக்குப் பொறுமையான ஒருவர் வேண்டும் என்று பேராசிரியர் தேடியபோது நான்தான் அண்ணையைச் சொன்னேன். ஷ்லீரன் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாடி கீழே இருந்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து, அகதியாக வந்து, பிறகு வருடக்கணக்காக ஒரு ஹோட்டல் குசினியில் தட்டுக் கழுவியவர். அமிலத்தைக் கண்டால் பயமில்லை, அலட்சியமும் இல்லை. வந்த முதல் கிழமையே எங்கள் அலசும் முறையில் பிழை கண்டுபிடித்தார். பேராசிரியருக்கு அவரை நன்றாகப் பிடித்துப்போனது.

அண்ணைக்கு அந்த வேலை வெறும் வேலையில்லை. 2009 இல் போர் முடிந்தபோது அவருடைய மனைவியும் மகளும் முகாமில் உயிரோடு இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து அவர்களை இங்கே கூப்பிடுவதற்காகவே மனிசன் உயிரை வைத்திருந்தார். தற்காலிக அனுமதியில் இருக்கிறவருக்கு அது லேசில்லை. நிலையான வேலை ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் கன்டோன் என்கிற மாநில அலுவலகம் அவருடைய மனுவைத் திரும்பிப் பார்க்கும். மகளுக்குப் பதினெட்டு வயதாகுமுன் அது நடக்கவேண்டும். தாண்டினால் அவள் வரவே முடியாது. கருவியைப் பூட்டி முடித்ததும் நிரந்தர ஒப்பந்தம் தருகிறேன் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அப்போது மகளுக்குப் பதினேழு.

அண்ணை தினமும் மூன்று குறி திருநீறு பூசித்தான் வருவார். ஆனால் உடைமாற்றும் அறையில் சவுக்காரம் போட்டு முகம், கழுத்து, காது எல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அங்கி மாட்டுவார். பின்னேரம் வெளியே வந்து, சட்டைப் பையிலிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்துத் திரும்பப் பூசுவார். நான் அப்படி எல்லாம் பூசுகிற ஆளில்லை. பொட்டுக்கூட வைப்பதில்லை.

ஒளி உணரிகளைப் பூட்டவேண்டிய அந்தக் கிழமையில் அப்பாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை வந்தது. காலையில் ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து அம்மா கோயில் திருநீற்றை என் நெற்றியில் அள்ளிப் பூசினார். தலையிலும் கொஞ்சம் தூவினார். வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அப்பாவை உள்ளே கொண்டுபோனதும் அம்மாவை அக்காவிடம் விட்டுவிட்டு நேரே சுரங்கத்துக்குக் காரை விட்டேன். செனோன் நிரப்புகிற நாள் குறித்தாயிற்று, நான் போகாவிட்டால் எல்லாம் பிந்தும் என்று எனக்கு ஒரு பெரிய எண்ணம். வழியில் காகிதத்தால் நெற்றியைத் துடைத்தேன்.

உடைமாற்றும் அறையில் அண்ணை கேட்டார்: "கொப்பருக்கு எப்பிடிப் பிள்ளை?"

"உள்ளுக்குக் கொண்டு போட்டினம் அண்ணை. பின்னேரம்தான் தெரியும்."

"இண்டைக்கு நீ வந்திருக்கத் தேவையில்லை. நான் பூட்டுவன்தானே."

எனக்கு அன்றைக்கு ஆரைக் கண்டாலும் கடிக்கலாம் போல் இருந்தது. "கழுவுறது நீங்கள், பூட்டுறது நான். அவரவர் வேலையைப் பார்ப்பம்" என்று எரிந்து விழுந்தேன். அவர் எனக்கு அங்கியின் முக்காட்டை எடுத்துத் தந்தார். பிறகு மெல்ல, "முகம் கழுவினனீயோ?" என்றார்.

"ஓம், கழுவினனான்."

கழுவவில்லை. தண்ணீர்க் குழாய் நாலு அடி தூரத்தில் இருந்தது.

உணரிகளைத் தாங்குகிற செப்புப் பிடிகளில் பதினோராவதைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தலை அரித்தது. முக்காட்டுக்குள்ளே விரலை விட்டு முன்மயிரடியில் சொறிந்தேன். சுத்த அறைக்குள் அது கொலைக்குற்றம் மாதிரி. சொறிந்துவிட்டு அதே கையால் பிடியைத் தொட்டேன். பிறகுதான் பார்த்தேன், விரல் நுனியில் சாம்பல் நிறம். என்ன செய்யவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: வேலையை நிறுத்தி, பதிவுக் கொப்பியில் எழுதி, பிடியைக் கழற்றித் திரும்ப அமிலத்துக்கு அனுப்பவேண்டும். ஒரு நாள் போகும், அவ்வளவுதான். நான் கையுறையை மாற்றினேன். துணியால் பிடியை ஒரு தடவை துடைத்தேன். பூட்டுகிறவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பன்னிரண்டாவதுக்குப் போனேன்.

அப்பா பிழைத்தார். இன்றைக்கும் இருக்கிறார், சீனி வருத்தத்தோடு.

இரண்டு மாதம் கழித்துக் கருவியை ஓடவிட்டதும் தரவில் பொட்டாசியம் இருக்கவேண்டிய இடத்தில் கூராக ஒரு கோடு எழும்பி நின்றது. அதுவும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும். செனோனை வெளியே எடுத்து, கருவியைத் திறந்து, ஒவ்வொரு பிடியாகத் துடைத்து, துடைத்த தாளை எல்லாம் அளந்து பார்த்தார்கள். பதினோராவதன் மடிப்புக்குள் சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் பசையாக ஒட்டியிருந்தது. பேராசிரியர் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, இது என்ன தூள், எங்கிருந்து வந்தது என்று எல்லோரையும் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான். "இது சாம்பல்" என்றேன். "சாணத்தை எரித்து எடுக்கிறது. பொட்டாசியம் நிறைய இருக்கும். எங்கள் ஆட்கள் நெற்றியில் பூசுவார்கள்."

எங்கள் ஆட்கள் என்றதும் பேராசிரியரின் கண் என் வெறும் நெற்றியில் ஒரு கணம் நின்றது. பிறகு அவர் கதவுப் பக்கம் திரும்பினார். கதவுக்கு அப்பால் அண்ணை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அது அவரில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருந்தது. அடுத்த இடத்துக்குப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அப்பா வீட்டில் படுத்திருக்கிறார். காரணமா இல்லை? அடுக்கடுக்காகச் சொல்லுவேன்.

கொப்பியைத் திறந்து பார்த்திருந்தால் பதினோராவதுக்கு நேரே என் கையெழுத்து இருந்தது. திறக்கவே இல்லை. ஒரு துகளைக் கண்டோம் என்று சொல்ல வருடக்கணக்காகச் சாட்சி தேடி, ஒருவரை ஒருவர் நம்பாமல் நூறு தடவை சரிபார்க்கிற கூட்டம் நாங்கள். ஒரு மனிசனின் வேலையைப் பறிக்க அவருடைய நெற்றியைப் பார்த்ததே போதுமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது, என்னில்தான் முதலில்.

நிரந்தர ஒப்பந்தம் வரவில்லை. இருந்ததையும் நீட்டவில்லை. இந்த நாட்டில் வேலையை விட்டுப் போகிறவருக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுக்கவேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதவில்லை என்றுதான் அடுத்த முதலாளி பார்ப்பார். உனக்குத்தான் அவரைத் தெரியும், நீயே எழுது என்று பேராசிரியர் அதை என் தலையில் கட்டினார். நேரம் தவறாதவர், பணிவானவர், எல்லோரோடும் ஒத்துப்போகிறவர் என்று எழுதினேன். கழுவுவதற்காக வேலைக்கு எடுத்த ஆளின் சான்றிதழில் சுத்தம் என்ற சொல்லையே காணோம். போடத்தான் நினைத்தேன். போட்டால் பேராசிரியர் ஏன் என்று கேட்பாரே என்று போடவில்லை.

கடைசி நாள் அண்ணை என் மேசைக்கு வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"நான் ஒவ்வொரு நாளும் சவுக்காரம் போட்டுத்தான் கழுவினனான் பிள்ளை. காதுக்குப் பின்னால கொஞ்சம் கிடந்திருக்கும் போல. நீ சொல்லித்தானே என்னை எடுத்தவை. உனக்கும் வெக்கக்கேடாப் போச்சு. மன்னிச்சுக்கொள்."

"பரவாயில்லை அண்ணை" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கே என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அம்மா கேட்டபோது வேலை குறைந்துவிட்டது என்று சொன்னேன். சில மாதம் அவரைப் படிக்கட்டில் காணும்போதெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இல்லாத ஆளோடு டொச் மொழியில் கதைத்தபடி இறங்கிப் போனேன். பிறகு அவர் டீட்டிகோனுக்கு வீடு மாறிப் போய்விட்டார். நாங்கள் கருவியைத் திரும்பப் பூட்டி, ஒன்றும் காணவில்லை என்று ஒரு கட்டுரை எழுதினோம். பூட்டும்போது ஏற்பட்ட மேற்பரப்பு அழுக்கு அகற்றப்பட்டது என்று அதில் ஒரு வரி. அந்தக் கட்டுரையைக் காட்டி அடுத்த இடம், அதைக் காட்டி அதற்கடுத்த இடம் என்று போய், கடைசியில் அதே குழுவுக்கு நிரந்தரமாகத் திரும்பி வந்தேன். வந்த உடனேயே முதல் நாள் வகுப்பை என் கையில் தந்தார்கள். சாம்பல் கதையை நான் சொன்னால்தான் நன்றாக இருக்கும் என்று வேறு சொன்னார்கள், எனக்குத்தான் அந்தப் பழக்கமெல்லாம் தெரியுமாம்.

அந்த மாணவி கேட்ட பிறகு நித்திரை போய்விட்டது. மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை டீட்டிகோனுக்குப் போனேன். அண்ணை அங்கே பொதி பிரிக்கிற ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார் என்று அம்மா சொல்லியிருந்தார். பின்பக்கம் லொறிகள் நிற்கிற இடத்தில், மஞ்சள் மேலங்கியோடு ஒரு கட்டையில் குந்தியிருந்து பிளாஸ்க்கில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"வா பிள்ளை, வா. எப்பிடிக் கொப்பர்? பவுசெ எண்டு இருபது நிமிச ஓய்வுதான் விடுவாங்கள், இரு. தேத்தண்ணி குடிக்கிறியோ?"

நான் கேட்காமலே எல்லாம் சொன்னார். மனைவி வந்து நாலு வருடமாகிவிட்டது. மகளுக்கு வயது தாண்டிவிட்டதால் மனுவைத் தள்ளிவிட்டார்கள். கிளிநொச்சியில் தாயின் தங்கையோடு விட்டு, பிறகு கட்டிக்கொடுத்து, அது சரிவரவில்லை. இப்போது கைக்குழந்தையோடு தனியாக இருந்து கார்மென்ட்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள்.

"அவளுக்கு என்னில கோவம்" என்றார். "அப்பா கவனமா இருந்திருந்தா நானும் வந்திருப்பன் எண்டு சொல்லுவாள். சொல்லட்டும். உண்மைதானே. உங்கட எத்தினை பேரின்ர உழைப்பை நான் பாழாக்கினனான்."

அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். தெரிந்தும் எனக்காகப் பொறுத்தார், நான் போய் அழுதால் தலையில் கைவைத்துப் பரவாயில்லை என்பார் என்று. எவ்வளவு கொழுப்பு எனக்கு! மனிசன் இத்தனை வருடமாகத் தன்னுடைய பிழை என்று அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்ணை, அது நீங்களில்லை."

"எது?"

"அந்தத் திருநீறு. அது என்ர தலையில இருந்து போனது. அண்டைக்கு ஆஸ்பத்திரியில அம்மா பூசிவிட்டவ. முகம் கழுவினனான் எண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான்."

பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப நான் நல்லாத்தான் கழுவினனானோ?"

"ஓம் அண்ணை. உங்களில ஒரு பிழையும் இல்லை."

"என்ர அம்மா செத்ததுக்கும் நான் திருநீறு பூசேல்லை, தெரியுமோ? இஞ்ச கடையில தட்டுக் கழுவக் கேட்டவங்கள். மாட்டன் எண்டிட்டன். என்ர கையால கழுவினா சுத்தமாகாது எண்டு ஒரு எண்ணம்." அவர் குரல் உயரத் தொடங்கியது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "நீ படிச்சனீதானே! ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு என்ன வந்தது?"

"பேராசிரியருக்கு எல்லாம் எழுதப்போறன் அண்ணை. சான்றிதழையும் மாத்தி..."

"எழுது, விடு. அதைக் கொண்டுபோய் நான் இனி ஆருக்குக் காட்டுறது?" போனை எடுத்தார். இரண்டு தடவை பிழையாக அழுத்தி, பிறகு மகளின் எண்ணைப் பிடித்தார். "இவளுக்குச் சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டாள்."

திரையில் ஒரு இளம் பெண்ணின் முகம் வந்தது. இடுப்பில் குழந்தை. "என்னப்பா, வேலை நேரத்தில?" என்றாள். அண்ணை போனை என் கையில் திணித்தார்.

"ஆர் அக்கா நீங்கள்?"

அப்பாவோடு வேலை செய்தவள் என்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: ஆஸ்பத்திரி, பொய், விரல் நுனி, அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தது. அப்பாவில் ஒரு பிழையும் இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன். குழந்தை போனைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதன் கையை விலக்கிவிட்டு என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும்."

"அப்பாவை வேலையால நிப்பாட்டேக்கையும் தெரியுமோ?"

"ஓம்."

"எனக்குப் பதினெட்டாக அப்ப ஏழு மாசம் இருந்தது" என்றாள்.

அதோடு அவளே அழைப்பைத் துண்டித்தாள். திரை கறுத்தது. அண்ணை போனை என் கையிலிருந்து வாங்கி, பவுசெ முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பாராமல் உள்ளே போனார்.